உங்களுக்குள் 72 ஆம்பியர்!

ஒரு சின்னக் கணக்கு. பேனா, பேப்பர் எல்லாம் வேண்டாம் பாஸ், செல்போன் கால்குலேட்டர் போதும்.

நீங்கள் கிளாஸில் சும்மா உட்கார்ந்து லெக்சர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சரி, கேட்கிற மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது உங்கள் உடம்பு நிமிஷத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. அதை 22,400-ஆல் வகுத்தால் 0.0112 மோல். செல்லுக்குள் போகிற ஒவ்வொரு ஆக்ஸிஜன் மூலக்கூறும் 4 எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும். ஸோ, 4-ஆல் பெருக்குங்கள். ஒரு மோல் எலெக்ட்ரானின் சார்ஜ் 96,500 கூலும். அதாலும் பெருக்கி, நிமிஷத்தை நொடியாக்க 60-ஆல் வகுத்தால்... 72 ஆம்பியர்!

நம் வீட்டு ஏ.சி. சாக்கெட்டே 16 ஆம்பியர்தான். தெருமுனை கிரில் பட்டறையில் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறாரே ஒரு அண்ணன், அவர் மெஷினில் ஓடுகிற கரண்ட்தான் ஏறக்குறைய இந்த ரேஞ்ச். அவ்வளவு கரண்ட் உங்களுக்குள் ஓடுகிறது. அதுவும் தூங்கி வழியும்போது!

நான் ட்ரிபிள் ஈ, தேர்ட் இயர். ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்பதால் தவளையோடு எனக்குப் பகையும் இல்லை, நட்பும் இல்லை. போன செமஸ்டரில் ஓப்பன் எலெக்டிவாக பயாலஜி எடுத்தேன். உண்மையான காரணம், அந்த பீரியட் மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். ஆனால், மேடம் 'செல் சுவாசம்' என்று போர்டில் எழுதி, எலெக்ட்ரான், பொட்டென்ஷியல், மில்லிவோல்ட் என்று அடுக்க ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட, இது நம்ம டிபார்ட்மென்ட் ஆச்சே!

'சாப்பாடு உடம்பில் எரிந்து சக்தி ஆகிறது' என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருப்போம். அந்த 'எரிந்து' என்கிற வார்த்தைதான் வில்லங்கம். ஒரு ஸ்பூன் சர்க்கரையை நெருப்பில் கொட்டினால் அத்தனை சக்தியும் ஒரே வீச்சில் சூடாகப் போய்விடும். செல் அப்படிச் செய்வதில்லை. சர்க்கரையில் இருந்து எலெக்ட்ரானைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஜோடி ஜோடியாகக் கழற்றுகிறது. கழற்றியதை வைக்க ஒரு பாத்திரம் வேண்டும் இல்லையா? அதுதான் என்.ஏ.டி. என்கிற மூலக்கூறு. எலெக்ட்ரானை வாங்கியதும் அதன் பெயர் என்.ஏ.டி.ஹெச். இதற்கு ஒரு தம்பி உண்டு, எஃப்.ஏ.டி. அவனுக்கும் அதே சுமை தூக்கும் வேலை.

வீட்டுக்கு கான்கிரீட் போடுகிற நாளைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே கலவை மெஷின் சுற்றும். ஏணியில் வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். பாண்டுச் சட்டி கை மாறிக் கை மாறி மேலே போகும். கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். காலிச் சட்டி கீழே திரும்பி வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால்? மெஷின் நிறைய கலவை இருக்கும், ஆள் இருப்பார், ஆனால் ஒரு சட்டி கூட மேலே போகாது. மேஸ்திரி கத்த ஆரம்பித்துவிடுவார்.

என்.ஏ.டி. அந்தச் சட்டிதான். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுசாகப் பிரித்து முடிக்கும்போது 10 என்.ஏ.டி.ஹெச்., 2 எஃப்.ஏ.டி.ஹெச். 2 நிறைந்திருக்கும். அதுவரை நேரடியாகக் கிடைத்த லாபம் வெறும் 4 ஏ.டி.பி. அளவுதான். ஏ.டி.பி. என்பது செல்லின் செல்லுபடியாகும் நோட்டு. தசை சுருங்கவும் மூளை யோசிக்கவும் அதைத்தான் நீட்ட வேண்டும். மொத்த வரவு குளுக்கோஸுக்கு 30 முதல் 32 ஏ.டி.பி. வரை. 36, 38 என்று பழைய பாடப் புத்தகங்களில் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், பிற்பாடு அளந்து பார்த்துக் குறைத்துவிட்டார்கள். ஆக, மீதி அத்தனையும் அந்தச் சட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடத்தில்தான் கிடைக்கிறது.

காலிச் சட்டி திரும்பாவிட்டால் செல் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் உங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. இட்லி மாவு! மாவுக்குள் இருக்கிற பாக்டீரியா, அரிசி - உளுந்தின் சர்க்கரையை உடைக்கும்போது என்.ஏ.டி.ஹெச். நிறைந்துவிடுகிறது. அதைக் காலி செய்ய எலெக்ட்ரானைக் கைக்கெட்டிய பைருவேட் மேல் கொட்டுகிறது. அதுதான் லாக்டிக் அமிலம், மாவின் புளிப்பு. நீங்கள் நூறு மீட்டர் ஓட்டத்தில் மூச்சு முட்ட ஓடும்போது உங்கள் தொடையும் இதே வேலையைத்தான் செய்கிறது. கொட்டும் இடம் தற்காலிகமாக மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதில் வருமானம் குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. மட்டுமே. அதை வைத்து மனுஷன் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது.

சட்டியே பற்றாக்குறை ஆனால் என்ன ஆகும் என்று ஒரு கதை இருக்கிறது. நிஜக் கதை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்று ஒரு நோய். வெயில் படுகிற தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி பேதலித்து மரணம். தொற்று நோய் என்றுதான் பலரும் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டர் மட்டும், 'இது சாப்பாட்டுக் கோளாறு' என்றார். ஏழைகள் மக்காச்சோளத்தை மட்டுமே தின்று வாழ்கிறார்கள் என்று காட்டினார். யாரும் நம்பவில்லை. 1916-ல் மனுஷன் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டு, 'பார், எனக்கு ஒட்டவில்லை' என்று நிரூபித்தார். என்ன தில்! ஆனால், குறைவது எந்தச் சத்து என்று தெரியாமலே 1929-ல் இறந்துவிட்டார். 1937-ல்தான் கான்ராட் எல்வேஜெம் கண்டுபிடித்தார்: நியாசின், அதாவது வைட்டமின் பி3. அந்த நியாசினில் இருந்துதான் நம் செல் என்.ஏ.டி.யைச் செய்கிறது. அத்தனை சாவுக்கும் காரணம், சட்டி செய்யத் தகரம் இல்லாததுதான்!

நம் பக்கமும் இது வந்தது. சோளமே பிரதான உணவாக இருந்த தக்காணப் பகுதியில் பெல்லாக்ரா இருந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன், ஹைதராபாத்தில் சகா ஸ்ரீகாந்தியாவோடு சேர்ந்து அதை ஆராய்ந்து, சோளத்தில் அதிகமாக இருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1960-ல் எழுதினார். அது மட்டுமே காரணமா என்று பின்னால் நிறைய விவாதம் நடந்தது. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2019-ல் மறைந்தார் கோபாலன். இவரைப் பற்றி நம் ஸ்கூல் புக்கில் ஒரு பெட்டிச் செய்தியாவது போட்டிருக்கலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். சட்டியை எங்கே கொட்டுகிறார்கள்?

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா. அதன் உள் சவ்வில் நான்கு பெரிய புரதக் கூட்டங்கள். என்.ஏ.டி.ஹெச். தன் எலெக்ட்ரானை முதல் கூட்டத்தில் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பிவிடும். எஃப்.ஏ.டி. தம்பி இரண்டாவது வாசல் வழியாக உள்ளே வருவான். அங்கிருந்து எலெக்ட்ரான் படிப்படியாக இறங்கி, நான்காவது கூட்டத்தில் ஆக்ஸிஜனிடம் போய்ச் சேர்கிறது. ஆக்ஸிஜன் தண்ணீராகிறது. நாம் இழுக்கிற மூச்சுக்கு இருக்கிற வேலை கிட்டத்தட்ட இது ஒன்றுதான். கடைசிப் படியில் நின்று எலெக்ட்ரானை வாங்கிக்கொள்வது. வாங்க ஆள் இல்லை என்றால் வரிசை பின்னாலேயே அடைத்து, சட்டி எல்லாம் நிரம்பி, சில நிமிஷத்தில் கதை முடிந்துவிடும்.

என்.ஏ.டி.ஹெச். இருக்கும் படி மைனஸ் 0.32 வோல்ட், ஆக்ஸிஜன் படி ப்ளஸ் 0.82. வித்தியாசம் 1.14 வோல்ட். அதை நம் 72 ஆம்பியரால் பெருக்குங்கள்... 82 வாட். சும்மா படுத்திருக்கிற மனுஷனுக்கு டாக்டர்கள் சொல்கிற சக்திச் செலவும் ஏறக்குறைய இதுதான். ஹாஸ்டல் கட்டிலில் இந்தக் கணக்கு டேலி ஆனபோது ராத்திரி ஒரு மணி. எழுந்து ரெண்டு ரவுண்டு வராண்டாவில் நடந்தேன். 'இவ்வளவு கரண்டுக்கு ஷாக் அடிக்காதா?' என்று கேட்டான் ரூம்மேட். அடிக்காது. கோடானுகோடி குட்டி சர்க்யூட்டுகள் பேரலலில் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓடுவது துக்கடா கரண்ட்.

இந்த இறக்கத்தில் கிடைக்கும் சக்தி எப்படி ஏ.டி.பி. ஆகிறது என்பதில்தான் விஞ்ஞானிகள் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நடுவில் ஏதோ ஒரு ரசாயனம் இருக்க வேண்டும் என்று தேடித் தேடி அலுத்தார்கள். 1961-ல் பீட்டர் மிட்செல் என்ற பிரிட்டிஷ்காரர், 'ரசாயனமே இல்லை, அங்கே இருப்பது ஓர் அணை' என்கிற மாதிரி ஒரு யோசனை சொன்னார். எலெக்ட்ரான் இறங்குகிற சக்தியை வைத்து, புரோட்டான்களை சவ்வுக்கு அந்தப் பக்கம் பம்ப் அடித்துத் தேக்குகிறார்கள். தேங்கிய புரோட்டான் திரும்பி வரும்போது டர்பைன் சுற்றுகிறது. மேட்டூர் டேமில் 120 அடிக்குத் தண்ணீர் நிற்கிறதே, அதே தத்துவம். அன்றைக்குப் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. உடம்பு சரியில்லாமல் எடின்பரோ பல்கலைக்கழக வேலையை விட்ட மிட்செல், கார்ன்வால் பகுதியில் பாழடைந்த ஒரு பழைய மாளிகையைச் சரிசெய்து, அதிலேயே லேப் வைத்து, ஜெனிஃபர் மோய்ல் என்ற சக விஞ்ஞானியோடு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1978-ல் வேதியியல் நோபல், மிட்செல் ஒருவருக்கே!

அணையின் உயரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 0.15 வோல்ட். 'ப்பூ' என்கிறீர்களா? சவ்வின் தடிமனைப் பாருங்கள், சுமார் 5 நானோமீட்டர். வகுத்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட்! காற்றில் மின்பொறி தெறிக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும் என்று ஹை வோல்டேஜ் பேப்பரில் படித்தோமே, அதைப்போல பத்து மடங்கு. அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது ஒரு கொழுப்புப் படலம்.

டர்பைன் என்று சொன்னதும் உவமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே சுற்றுகிறது. பால் போயர் 'இது சுழல்கிறது' என்று கணித்தார், ஜான் வாக்கர் குழு 1994-ல் அதன் வடிவத்தைப் படம் எடுத்தது, ரெண்டு பேருக்கும் 1997-ல் நோபல். அதே வருஷம் ஜப்பானில் நோஜி குழுவினர் அந்த ரோட்டரின் நுனியில் ஒரு நூலிழைப் புரதத்தை ஒட்டி, அது சுற்றுவதை மைக்ராஸ்கோப்பில் நேரில் பார்த்தார்கள். ஒரு சுற்றுக்கு 3 ஏ.டி.பி. இதில் என்னைக் கவிழ்த்த விஷயம், அவர்கள் புரோட்டானே கொடுக்கவில்லை. ஏ.டி.பி.யைக் கொடுத்தார்கள், அது ரிவர்ஸில் மோட்டாராகச் சுற்றியது! டி.சி. மெஷின் லேபில் ஜெனரேட்டரையே மோட்டாராக ஓட்டுவோமே, அதேதான்.

அந்த ஏ.டி.பி.யை 1929-ல் முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் எல்லப்பிரகடா சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்து, ஹார்வர்டு போய், ஃபிஸ்கே என்பவரோடு செய்த வேலை. அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி எதிரே அந்தக் காலேஜைப் பார்க்கிறவர்கள் ஒரு செகண்ட் நின்று பார்க்கலாம்.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

எங்கள் ஹாஸ்டலில் ஒரு நண்பன். எடை கொஞ்சம் அதிகம், கிண்டல் அதைவிட அதிகம். ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். அங்கே பழகிய ஒருத்தர் மூலம் ஒரு வாட்ஸ்அப் குரூப். ஒருநாள் என்னிடம் ஒரு ஜிப் கவரைக் காட்டினான். உள்ளே மஞ்சள் நிற கேப்ஸ்யூல்கள். லேபிள் இல்லை, கம்பெனி பெயர் இல்லை. "மச்சான், டி.என்.பி.யாம்டா. சாப்பாட்டைக் குறைக்க வேணாம், ஓட வேணாம். கொழுப்பை அப்படியே எரிச்சிடுமாம்" என்றான்.

மறுபடியும் அந்த 'எரி'.

பேரைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், எங்கள் எலெக்டிவ் நோட்ஸில் அது இருந்தது. டைநைட்ரோஃபீனால். மிட்செலின் அணையில் ஓட்டை போடுகிற பொருள். புரோட்டானைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு சவ்வு வழியாக ஊடுருவி இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டுவிடும். டர்பைன் வழியாக வர வேண்டிய புரோட்டான் சைடு வழியாகக் கசிகிறது. இதில் பயங்கரம் என்னவென்றால், எலெக்ட்ரான் ஓட்டம் நிற்காது. தடுக்க அழுத்தம் இல்லாததால் இன்னும் வேகமாக ஓடும். சட்டி சட்டியாகக் கொட்டுவார்கள், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் காலியாகும், ஆக்ஸிஜன் கரையும். ஆனால் ஏ.டி.பி. வராது. அத்தனையும் சூடாகும். எடை குறைவது உண்மைதான். ஷார்ட் சர்க்யூட் ஆன வீட்டிலும் மீட்டர் வேகமாகத்தான் ஓடும்.

பிறந்த குழந்தைகள் உடம்பில் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு. அதில் இதே கசிவை இயற்கையே வைத்திருக்கிறது, குளிரில் நடுங்காமல் சூடு கிடைக்க. ஆனால் அங்கே வால்வு இருக்கிறது. வேண்டும்போது திறக்கும், போதும் என்றால் மூடும். டி.என்.பி.க்கு மூடத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கப் புது ஆராய்ச்சி தேவையே இல்லை என்பதுதான் கொடுமை. முதல் உலகப் போர் நேரத்தில் பிரான்ஸ் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இந்தப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் வேர்த்து ஒழுகி, மெலிந்து, காய்ச்சலில் செத்தார்கள். அதற்குப் பிறகும் 1933-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு டாக்டர்கள் இதை எடை குறைக்க மருந்தாக அறிமுகப்படுத்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். சிலர் இறந்தார்கள், பலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. 1938-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 'மனிதர்கள் உட்கொள்ளத் தகுதியற்றது' என்று சொல்லிவிட்டது. இன்டர்நெட் வந்த பிறகு மறுபடி தலைதூக்கி, பிரிட்டனில் இளைஞர்கள் பலர் இறந்ததால், 2023 அக்டோபரில் அங்கே இதைச் சட்டப்படி விஷப் பட்டியலில் சேர்த்தார்கள். மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. காய்ச்சல் மாத்திரை போட்டாலும் இறங்காது, ஏனென்றால் இது மூளை ஏற்றிய காய்ச்சல் இல்லை, ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகக் கொதிக்கிற சூடு. யாராவது விழுங்கிவிட்டால் 'வேர்க்குது, சரியாயிடும்' என்று படுக்க வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி, கையில் அந்தக் கவரோடு.

நண்பனிடம் இதை எல்லாம் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. "அந்த அண்ணன் தானே போட்டுதான் சிக்ஸ் பேக் வெச்சிருக்கார்" என்றான். நானும் விடவில்லை. பேப்பரில் அணை வரைந்தேன், டர்பைன் வரைந்தேன், ஓட்டை வரைந்தேன். ட்ரிபிள் ஈ காரனாச்சே, அவனுக்கு ஷார்ட் சர்க்யூட் என்றதும் பல்ப் எரிந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலேஜ் டாக்டரிடம் கொண்டுபோய் ஒப்படைத்தோம். ஜிம் ஓனரிடமும் சொன்னோம். அந்த அண்ணன் மறுநாளில் இருந்து அங்கே வரவில்லை. நம்பரும் ஸ்விட்ச்டு ஆஃப்.

ஆனால் குரூப் இருந்தது. 60-க்கும் மேற்பட்ட நம்பர்கள், பாதிக்கு மேல் காலேஜ் பசங்க என்று புரொஃபைல் போட்டோவிலேயே தெரிந்தது. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நீள மெசேஜ் டைப் செய்தோம். அது என்ன, உடம்பில் என்ன செய்யும், யார் யார் நாட்டில் என்ன ஆச்சு, போட்டிருந்தால் உடனே எங்கே போகணும் எல்லாம். அனுப்பிய அரை மணி நேரத்தில் நாலு பேர் தேங்க்ஸ் போட்டார்கள். ஒருத்தன் சிரிக்கிற பொம்மை போட்டான். இன்னொருத்தன் மட்டும், "ப்ரோ, நான் ரெண்டு நாளா போட்டுட்டு இருக்கேன். ராத்திரி ரொம்ப வேர்க்குது" என்று எழுதினான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, கூப்பிட்டோம். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டோம். அதற்குள் யாரோ குரூப்பையே கலைத்துவிட்டார்கள். அவன் நம்பர் எங்களிடம் இருக்கிறது, ரிங் போகிறது, எடுப்பதில்லை. எந்த ஊர், எந்தக் காலேஜ் என்று தெரியாது.

தம்பி, இந்தப் பக்கத்தை நீ படித்துக்கொண்டிருந்தால், அந்த மெசேஜுக்கு ஒரு ரிப்ளை போடு.